நிரல்மொழிக்கு உட்கணம் அமைப்பது எப்படி: விதி வகுப்பதிலிருந்து மொழியே மாறுவது வரை

மைக்ரோகன்ட்ரோலரில் ஓடும் ஒரு சி நிரல் அதிகபட்சம் எத்தனை பைட் ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான தற்காலிக மெமரி) எடுக்கும்? மொழி தரும் எல்லா வசதிகளையும் அனுமதித்தால் இதற்குப் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) இருக்கலாம், ஓடும்போது நீளம் முடிவாகும் அரே இருக்கலாம், எங்கே போகும் என்று தெரியாத ஃபங்ஷன் பாயின்டர் இருக்கலாம். இந்த மூன்றையும் விலக்கினால் அதே கேள்விக்கு ஓர் எண்ணைப் பதிலாகத் தரலாம். உட்கணம் என்பது இந்தப் பேரம்தான்: மொழியின் சில வசதிகளை விட்டுக்கொடுத்து, நிரலைப் பற்றி ஓர் உறுதியை வாங்கிக்கொள்கிறோம்.

ஒரு குழு தன் திட்டத்துக்கு உட்கணம் வகுத்து, அதைக் கருவிகளால் அமல்படுத்தி, பழைய நிரலுக்கும் கொண்டுபோவது எப்படி என்பதே இந்த வழிகாட்டி. பெரும்பாலும் சி-யை வைத்துச் சொல்கிறோம்; பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் நடுவே வரும். பின்பகுதியில் இத்தகைய உட்கணங்கள் மொழிகளை எப்படி மாற்றின என்று பார்ப்போம். உட்கணத்தில் எங்கெங்கே சுற்றிவளைத்து எழுத வேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் மொழியில் ஏதோ குறைகிறது. மொழியை வடிவமைப்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

படி 1: உறுதியை முதலில் எழுதுங்கள்

பல குழுக்கள் தடைப் பட்டியலில் தொடங்குகின்றன: கோடூ (வேறு வரிக்குத் தாவுவது) கூடாது, மால்லாக் (ஓடும்போது ஹீப் என்ற பகுதியிலிருந்து மெமரி கேட்பது) கூடாது, மேக்ரோ கூடாது. இப்படித் தொடங்கினால் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும், காரணம் மறந்துபோகும். ஒரு விதியை ஏன் வைத்தோம் என்று தெரியாவிட்டால் அதை எப்போது தளர்த்தலாம் என்பதும் தெரியாது.

எனவே வேண்டிய உறுதியை ஒரே வாக்கியத்தில், சோதித்துப் பார்க்கும்படி எழுதுங்கள். ‘பாதுகாப்பான நிரல்’ என்று எழுதினால் அதை யாராலும் சோதிக்க முடியாது. ‘ஸ்டாக்கின் உச்சம் பில்ட் நேரத்திலேயே தெரியும்’, ‘துவக்கம் முடிந்தபின் ஹீப்பிலிருந்து மெமரி கேட்கப்படாது’, ‘ஒவ்வொரு லூப்பும் முடிந்தே தீரும்’, ‘வெளியாள் எழுதிய ஸ்கிரிப்ட் நாம் கொடுத்த பொருள்களைத் தவிர எதையும் தொடாது’ போன்றவற்றைச் சோதிக்க முடியும். இரண்டு மூன்று உறுதிகள் போதும். அதற்கு மேல் போனால் விதிகள் ஒன்றோடொன்று மோதும்.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-இல் வெளியிட்ட பத்து விதிகளைப் பாருங்கள். லூப் ஒவ்வொன்றுக்கும் நிலையான மேல்வரம்பு, துவக்கத்துக்குப் பின் டைனமிக் மெமரி இல்லை, ஃபங்ஷனுக்குச் சுமார் 60 வரி, ஃபங்ஷனுக்குச் சராசரியாக இரண்டு அசர்ஷன் (எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியதைச் சோதிக்கும் வரி). ஆய்வுக் கருவிகள் நிரலைச் சரிபார்க்க ஏதுவாக இருக்க வேண்டும் என்ற ஒரே நோக்கம் அந்தப் பத்தையும் கட்டிப்போடுகிறது. அந்த ஒழுங்குதான் அவற்றை நினைவில் நிற்க வைக்கிறது.

படி 2: உறுதியிலிருந்து விதிகளை வருவியுங்கள்

ஸ்டாக் உறுதியையே எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்.

ஜிசிசி என்ற சி கம்பைலருக்கு ஸ்டாக்-யூசேஜ் கொடியைக் கொடுத்துக் கம்பைல் செய்தால், மூலக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அறிக்கைக் கோப்பு கிடைக்கும். அதில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அதன் பெயர், அது எடுக்கும் பைட், அதன் தன்மை என்று ஒரு வரி இருக்கும். தன்மை ‘ஸ்டாடிக்’ என்றிருந்தால் எண்ணை நம்பலாம். வெறும் ‘டைனமிக்’ என்றிருந்தால் அங்கே அலோகாவோ (ஓடும்போது ஸ்டாக்கிலேயே மெமரி கேட்பது) மாறும் நீள அரேயோ இருக்கிறது. அந்த எண்ணை உச்சமாக எடுத்துக்கொள்ள முடியாது. ‘டைனமிக்’ உடன் ‘பவுண்டட்’ என்றும் சேர்ந்து வந்தால் உச்சம் தெரியும்.

அடுத்து, எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்ற வரைபடம் வேண்டும். ஜிசிசி 10 முதல் இதையும் கம்பைலரே எழுதித் தரும். இனிக் கணக்கு எளிது: ஒரு ஃபங்ஷனின் உச்சம் என்பது அதன் சொந்த அளவும், அது அழைப்பவற்றில் மிகப் பெரியதன் உச்சமும் சேர்ந்தது. எடுத்துக்காட்டாக, மெயின் 48 பைட், அது அழைக்கும் கட்டுப்பாட்டு ஃபங்ஷன் 120, அதற்குக் கீழே வடிகட்டி 96 என்றால் 264. இதோடு இன்டரப்டையும் (ஓடும் வேலையை இடையில் நிறுத்தி வேறொரு ஃபங்ஷனை ஓடவைக்கும் குறுக்கீடு) சேர்க்க வேண்டும். பலர் மறப்பது இங்கேதான். கார்டெக்ஸ்-எம்4 சிப், இன்டரப்ட் வரும்போது தானாகவே 32 பைட்டை ஸ்டாக்கில் வைக்கும். மிதவைப் புள்ளிப் பதிவகங்கள் பயன்பாட்டில் இருந்தால் 104 பைட். சீரமைப்புக்காக மேலும் 4 பைட் போகலாம். இன்டரப்ட் ஃபங்ஷன் 72 பைட் எடுத்தால் ஒரு நிலைக்கு 180. எல்லாமே ஒரே ஸ்டாக்கில் ஓடி, ஒரே முன்னுரிமை நிலை மட்டும் இருந்தால் மொத்தம் 444 பைட். ஒன்றை ஒன்று குறுக்கிடும் நிலைகள் மூன்று என்றால் மூன்றுக்கும் கூட்டுங்கள்.

இந்தக் கணக்கை எவை குலைக்கும் என்று பார்த்தால் விதிகள் தாமாக வந்து விழும். ரிகர்ஷன் வரைபடத்தில் ஒரு வளையத்தை உண்டாக்கும்; கூட்டல் முடியாது. மாறும் நீள அரே ஒரு முனையின் எண்ணை அழித்துவிடும். ஃபங்ஷன் பாயின்டர் இருந்தால் வரைபடத்தில் ஓர் இணைப்புக் கோடே காணாமல் போகும். ஆக மூன்று விதிகள், மூன்றுக்கும் கேள்விக்கு இடமில்லாத காரணம். கோடூ இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை. எனவே இந்த உறுதிக்காக அதைத் தடை செய்ய வேண்டாம். வேறு உறுதிக்கு வேண்டுமானால் அங்கே எழுதுங்கள்.

ஃபங்ஷன் பாயின்டரை அடியோடு தடுப்பது சில இடங்களில் நடக்காது. நிலை இயந்திரம் எழுதுவோருக்கு அது வேண்டும். அதற்கு இடைவழி உண்டு: மாறாத அட்டவணைகளில் மட்டும் பாயின்டரை அனுமதித்து, அட்டவணை வழியாக அழைக்கும் இடத்திலிருந்து அதன் எல்லா உறுப்புகளுக்கும் கோடு போடுங்கள். எண் சற்றுப் பெரிதாக வரும், ஆனால் பொய்யாகாது.

படி 3: கருவியால் முடிவாகச் சொல்ல முடியுமா?

ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்பு எழுதுங்கள். ஒரு கருவி எந்த நிரலுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்லுமா? அதைச் சொல்ல ஒரே கோப்பு போதுமா, முழு நிரலும் வேண்டுமா?

வாகனத் துறைக்காக 1998-இல் 127 விதிகளோடு வந்த மிஸ்ரா சி, 2012 பதிப்பில் 143 விதிகளும் 16 வழிகாட்டுதல்களுமாக மாறியபோது, ஒவ்வொரு விதிக்கும் இந்த இரண்டையும் குறித்தது. மாறும் நீள அரேயைத் தடுக்கும் விதி முடிவு சொல்லக்கூடியது. மதிப்பு வைக்கும் முன் ஒரு மாறியைப் படிக்கக்கூடாது என்ற விதி அப்படியல்ல. கருவி சில இடங்களில் வீணாக எச்சரிக்கும், அல்லது சிலவற்றைத் தவறவிடும்.

ரிகர்ஷன் தடையையும் மிஸ்ரா முடிவு சொல்ல முடியாததாகவே வகைப்படுத்துகிறது, பாயின்டர் வழியாகவும் ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கலாம் என்பதால். ஆனால் மேலே சொன்ன அட்டவணை விதியையும் சேர்த்தால், அழைப்பு வரைபடத்தில் வளையம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். முடிவு சொல்ல முடிந்துவிடும். ஒரு விதி இன்னொன்றைச் சோதிக்கத்தக்கதாக மாற்றும் இத்தகைய இணைகளைத் தேடிப் பிடியுங்கள். உட்கண வடிவமைப்பில் திறமை வெளிப்படும் இடம் இது.

படி 4: வெளியார் நிரல் என்றால் அனுமதிப் பட்டியலே வேண்டும்

உங்கள் குழுவே எழுதும் நிரலுக்குத் தடைப் பட்டியல் போதும்; யாரும் வேண்டுமென்றே விதியைச் சுற்றிப்போகப் போவதில்லை. நம்பாத ஒருவர் எழுதியதை ஓட்டுவது வேறு விஷயம்.

பைத்தானில் ரெக்ஸெக் என்றொரு மாட்யூல் இருந்தது. ஆபத்தான பெயர்களை மறைத்துவிட்டு மீதியை ஓடவிடும் முறை அது. பைத்தான் 2.2-இல் புதிய வகைக் கிளாஸ்கள் வந்தபின் அதை அடைக்கவே முடியாமல் போய், 2.3-இல் முடக்கப்பட்டது. ஏன் என்பதைக் கிட்டப் பார்க்கலாம். ஒரு வெற்று டியூப்பிளை எடுத்து அதன் கிளாஸைக் கேளுங்கள். அந்தக் கிளாஸின் அடிப்படைக் கிளாஸைக் கேட்டால் ‘ஆப்ஜெக்ட்’ வரும். அதன் துணைக் கிளாஸ்களைக் கேட்டால் அந்த நேரத்தில் மெமரியில் இருக்கும் ஏறத்தாழ எல்லாக் கிளாஸ்களும் பட்டியலாக வரும். கோப்பைத் திறக்கும் ஃபங்ஷனின் பெயரை மறைத்து என்ன பயன்? இந்தப் பாதையில் அந்தப் பெயரே தேவையில்லை.

சரியான வழி: நிரலைப் பார்ஸ் செய்து தொடரமைப்பு மரத்தை எடுங்கள். மரத்தில் எந்தெந்த வகை முனைகள் வரலாம் என்று பட்டியலிடுங்கள். பட்டியலில் இல்லாதது எதுவானாலும் பிழை. மொழியின் அடுத்த பதிப்பில் புதுத் தொடரமைப்பு வந்தால் அது தானாகவே மறுக்கப்படும். அப்போதும் அந்த மொழியின் அசல் இன்டர்பிரட்டரில் ஓட்டினால் ஆபத்து முழுதாகத் தீராது. தனி இன்டர்பிரட்டர் எழுதுவது இன்னும் மேல். பேசல் பில்ட் கருவிக்காகப் பிறந்த ஸ்டார்லார்க் அப்படித்தான் செய்தது. பார்ப்பதற்குப் பைத்தான், ஆனால் வொயில் லூப் இல்லை, ரிகர்ஷன் இல்லை, கிளாஸ் இல்லை. இதோடு, ஒரு பட்டியலின் மேல் லூப் ஓடும்போது அந்தப் பட்டியலை மாற்றுவதும் பிழை. இந்தச் சிறு விதி இல்லாவிட்டால், லூப்புக்குள் அதே பட்டியலில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே முடிவில்லாமல் ஓட்டலாம், வொயிலை நீக்கிய பயனே போய்விடும்.

படி 5: பில்ட் உடையும்படி அமல்படுத்துங்கள்

ரிவ்யூவில் கண்ணால் பிடிக்கும் விதி நாளடைவில் தேய்ந்துவிடும். விதியை எவ்வளவு முன்னதாகப் பிடிக்க முடியுமோ அங்கே வையுங்கள்.

கம்பைலரில் செய்யக்கூடியவை முதலில். ஜிசிசியில் ‘பாய்சன்’ என்ற பிராக்மா (கம்பைலருக்கான கட்டளை வரி) உண்டு. அதில் மால்லாக், காலாக், ரியாலாக், ஃப்ரீ என்று எழுதினால், அதற்குப் பிறகு அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் பிழை. இதை நிலையான ஹெடர்களைச் சேர்த்த பின்னரே எழுத வேண்டும். முன்னால் எழுதினால் ஹெடருக்குள் இருக்கும் அறிவிப்பே பிழையாகும். மாறும் நீள அரேக்கான எச்சரிக்கையை இயக்கி, எச்சரிக்கைகளைப் பிழையாக்குங்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்றால் ஈஎஸ்லின்ட்டில், தொடரமைப்பு முனைகளைத் தேர்ந்து தடுக்கும் விதியே இருக்கிறது. தனிச் செருகுநிரல் எழுத வேண்டியதில்லை. ரஸ்ட் மொழியில் அன்சேஃபை (பாதுகாப்புச் சோதனைகள் தளர்ந்த பகுதி) தடுக்க ‘டினை’ போடாமல் ‘ஃபர்பிட்’ போடுங்கள். முன்னதை உள்ளே இருக்கும் ஒரு ‘அலவ்’ வரி செயலிழக்கச் செய்யும், பின்னதைச் செய்யாது.

அடுத்து லிங்கர், அதாவது கம்பைல் ஆன கோப்புகளையும் நூலகங்களையும் இணைக்கும் கருவி. உங்கள் மூலக் கோப்புகள் சுத்தமாக இருந்தாலும் நூலகங்கள் இருக்காது. சிறு கருவிகளில் பரவலாகப் பயன்படும் நியூலிப் நூலகத்தின் பிரின்ட்எஃப், இடையகத்துக்காகத் தானே மால்லாக்கை அழைக்கும். ‘ஹீப் இல்லை’ என்று உறுதி சொன்ன நிரலில் இது உள்ளே வந்துவிடும், மூலத்தைப் பார்க்கும் எந்த லின்டரும் கண்டுபிடிக்காது. கடைசி பைனரியில் உள்ள ஃபங்ஷன் பெயர்களின் (சிம்பல்) பட்டியலை எடுத்து, அதில் மால்லாக் இருந்தால் பில்டைத் தோல்வியாக்குங்கள். உட்கணத்தின் எல்லை நூலகத்தோடு முடியும் இடத்தை எழுத்தில் குறித்துவையுங்கள்.

படி 6: தடுத்ததற்கு மாற்றுக் கொடுங்கள்

மாற்றில்லாத தடை மோசமான நிரலைப் பெற்றெடுக்கும். மால்லாக்கைத் தடுத்துவிட்டு வேறொன்றும் தராவிட்டால், ஆளாளுக்கு ஒரு பெரிய அரேயை அறிவித்து அதற்குள் சொந்தமாக மால்லாக் எழுதுவார்கள். அதில் அசல் மால்லாக்கின் குறைகள் எல்லாம் இருக்கும், அதைப் பிடிக்கும் கருவிகள் மட்டும் இருக்காது. நிலையான அளவுத் துண்டுகளைத் தரும் ஒரு பூல் நூலகத்தை நீங்களே எழுதிச் சோதித்துக் கொடுங்கள். மரத்தைச் சுற்றிவர ரிகர்ஷன் வேண்டும் என்பவருக்கு, மேல்வரம்புள்ள ஸ்டாக் அமைப்பையும், வரம்பு தாண்டினால் பிழைக் குறியீடு தரும் வடிவத்தையும் எடுத்துக்காட்டோடு கொடுங்கள்.

படி 7: விலக்குகளைப் பதிவுசெய்யுங்கள்

விலக்கே இல்லாத உட்கணம் பெரும்பாலும் அமலில் இல்லாத உட்கணம். மிஸ்ராவில் மூன்று நிலைகள்: கட்டாய விதிக்கு விலக்கு கிடையாது, தேவையான விதிக்கு முறையான பதிவோடு விலக்கு உண்டு, ஆலோசனை விதிக்கு அவ்வளவு தேவையில்லை. இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பதிவில் இருக்க வேண்டியவை: விதி எண், கோப்பும் இடமும், விதிப்படி எழுத முயன்றபோது தடுத்தது என்ன, உறுதி இன்னும் ஏன் நிற்கிறது, யார் ஒப்புதல் தந்தார், எப்போது மறுபடி பார்ப்பது. மூன்றாவது அம்சத்தை விட்டுவிடாதீர்கள். ‘அவசரம்’ என்று எழுதுவதை ஏற்காதீர்கள். மொழியால் எதைச் சொல்ல முடியவில்லை என்று எழுதச் சொல்லுங்கள்.

பழைய நிரலுக்கு உட்கணத்தைக் கொண்டுவரும்போது எல்லா மீறல்களையும் ஒரே வீச்சில் திருத்த வேண்டாம். நன்றாகச் சோதிக்கப்பட்ட நிரலை விதிக்காக மட்டும் மாற்றினால் புதுப் பிழை புகும். இப்போதிருக்கும் மீறல்களை ஒரு கோப்பில் பதிந்துவைத்து, எண்ணிக்கை கூடினால் மட்டும் பில்டை உடையுங்கள். வேறு காரணத்துக்காகத் தொடும் ஃபங்ஷனில் மட்டும் பழைய மீறலையும் சரிசெய்யுங்கள்.

விலக்குப் பதிவிலிருந்து மொழிக்கு

ஒரே விதிக்கு விலக்குகள் குவிந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது: விதி தவறு, மாற்று சரியில்லை, அல்லது மொழியிலேயே அதைச் சொல்ல வழியில்லை. மூன்றாவது வகைதான் மொழி வடிவமைப்பாளருக்கு முக்கியம்.

2013-இல் மொசில்லா கொண்டுவந்த ஏஎஸ்எம்.ஜேஎஸ் இதற்கு மிகத் தெளிவான சான்று. ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் சி நிரலை வேகமாக ஓட்டுவதற்கான உட்கணம் அது. ஜாவாஸ்கிரிப்ட்டில் அப்போது முழு எண் என்ற தனி வகை இல்லை. எனவே ஒவ்வொரு கூட்டலுக்கும் பின்னால் |0 என்று எழுதி, ‘இது 32 பிட் முழு எண்’ என்று கம்பைலருக்குக் காட்டினார்கள். இந்த உட்கணம் தெரிந்த ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினுக்கு அது வகை அறிவிப்பு. பழைய பிரவுசருக்கு அது சாதாரணக் கணக்கு, விடையும் அதேதான். கூட்டலுக்கு இது ஒத்துவந்தது, பெருக்கலுக்கு வரவில்லை. இரண்டு பெரிய 32 பிட் எண்களின் பெருக்கல் 53 பிட்டைத் தாண்டினால் கீழ்ப் பிட்கள் தொலைந்துவிடும். பிறகு |0 போட்டும் மீளாது. ஆக 32 பிட் பெருக்கலுக்கென ஒரு ஃபங்ஷனும், 32 பிட் மிதவை எண்ணாக வட்டமாக்கும் ஒரு ஃபங்ஷனும் எக்மாஸ்கிரிப்ட் 2015-இல் மொழிக்குள்ளேயே வந்தன. 64 பிட் முழு எண்ணும், பெரிய உரைக் கோப்பைப் பார்ஸ் செய்யும் தாமதமும் உட்கணத்துக்குள் தீரவில்லை. அங்கே வெப்அசெம்பிளி என்ற தனி பைனரி வடிவம் பிறந்தது. 2017-இல் பிரவுசர்களுக்கு வந்து, 2019 டிசம்பரில் டபிள்யூ3சி பரிந்துரையானது.

ஜாவாஸ்கிரிப்ட்டின் ஸ்ட்ரிக்ட் நிலை (தவறுக்கு இடந்தரும் பழைய வசதிகளை மறுக்கும் நிலை) வேறு வகை. 2009-இல் எக்மாஸ்கிரிப்ட் 5 அதைக் கொண்டுவந்தபோது, இயக்கும் வழியாக ஒரு சரத்தையே (மேற்கோள் குறிக்குள் எழுதும் உரை) வைத்தார்கள். பழைய எஞ்சின் அதைப் பயனற்ற வாக்கியமாக எண்ணிக் கடந்துபோகும். அந்த நிலையில் ‘லெட்’, ‘யீல்ட்’, ‘ஸ்டாடிக்’ போன்ற சொற்களைப் பெயராக வைப்பது அப்போதே தடுக்கப்பட்டது, பின்னால் வரப்போகும் தொடரமைப்புக்கு இடம் ஒதுக்குவதற்காக. 2015 முதல் மாட்யூல்களும் கிளாஸ்களும் எப்போதும் ஸ்ட்ரிக்ட். விருப்பத் தேர்வாக இருந்த உட்கணம் இப்படித்தான் புது நிரலின் இயல்பு நிலையானது. ஒரு எச்சரிக்கை: கோப்பின் தலையில் ஸ்ட்ரிக்ட் சரம் உள்ள ஸ்கிரிப்ட்டைப் பழைய ஸ்கிரிப்ட்டோடு ஒட்டி ஒரே கோப்பாக்கினால், பின்னால் வரும் பழையதும் ஸ்ட்ரிக்ட் ஆகி உடையும்.

ஏடா மொழியின் பாதை எதிர்த்திசையில் தொடங்கியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உட்கணமும் கூடாது, மிகைக்கணமும் (மொழியோடு கூடுதல் வசதிகளைச் சேர்த்தது) கூடாது என்று ஆரம்பத்தில் கடுமையாக நின்றது. கம்பைலருக்கு ஒரு மொழி முளைத்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் உயிர் சார்ந்த அமைப்புகளை எழுதுவோருக்கு உட்கணம் இல்லாமல் முடியவில்லை. ஏடா 95 இதைத் தீர்த்த விதம் எனக்குத் தெரிந்தவற்றில் மிகச் சிறந்தது: ‘ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ பிராக்மாவில் எதைப் பயன்படுத்த மாட்டோம் என்று நிரலே அறிவிக்கும், கம்பைலர் அதைச் சரிபார்க்கும். 1997-இல் இங்கிலாந்தின் ரேவன்ஸ்கார் கிராமத்தில் நடந்த பட்டறையில் உருவான டாஸ்க்கிங் (பல பணிகளை ஒருசேர ஓட்டுவது) உட்கணம், 2005 பதிப்பில் ஒரே பெயரில் அழைக்கக்கூடிய புரொஃபைலாக மொழித் தரத்துக்குள் வந்தது. ஸ்பார்க் என்ற ஏடா உட்கணம் தன் ஒப்பந்தங்களை முதலில் கமென்ட்டுகளில் எழுதியது. ஏடா 2012-இல் முன்நிபந்தனையும் பின்நிபந்தனையும் மொழியின் பகுதியானதும், ஸ்பார்க் 2014 அவற்றையே எடுத்துக்கொண்டது. முதலில் அறவே விலக்கிய பாயின்டரும், ஒரு நேரத்தில் ஒரே உடைமையாளர் என்ற விதியோடு பின்னர் திரும்ப வந்தது.

எல்லா உட்கணமும் இப்படிப் பலன் தரவில்லை. 1990-களின் பின்பாதியில் ஜப்பானியச் சிப் நிறுவனங்கள் முன்னெடுத்த எம்பெடட் சி++, டெம்ப்ளேட், எக்ஸப்ஷன் ஆகியவற்றோடு நேம்ஸ்பேஸையும் நீக்கியது. நேம்ஸ்பேஸுக்கு ஓடும் நேரச் செலவே இல்லை. அதை நீக்கியதால் கிடைத்த உறுதி எதுவுமில்லை. இழந்தது மட்டும் பெரிது, நிலையான நூலகத்தை அப்படியே எடுத்து அங்கே பயன்படுத்த முடியாது. படி 1-ஐத் தாண்டிக் குதித்தால் வருவது இது. சி++ கோர் வழிகாட்டுதல்கள் 2015-இல் வேறு வழியில் வந்தன: முதலில் ஒரு சிறு நூலகத்தைச் சேர்த்து, பிறகு அது ஈடுசெய்யும் பச்சைப் பாயின்டர் கணக்கைத் தடுத்தன. அந்த நூலகத்தின் ஸ்பான் வகை (ஒரு தரவு வரிசையை அதன் நீளத்தோடு சேர்த்துச் சுட்டுவது) சி++20-இல் தரமானது. ஆனால் அடைப்புக்குறி வழி அணுகும்போது எல்லைச் சோதனை செய்யும் கட்டாயம் அதோடு வரவில்லை. உட்கணத்துக்கு அந்த வகை தேவைப்பட்டதே அந்தச் சோதனைக்காகத்தான். தரத்துக்குக் கோரிக்கை எழுதுவோர் இதை மறக்காமல் சேர்த்து எழுத வேண்டும்.

விதியைத் தளர்த்துவது

ஒவ்வொரு கம்பைலர் மேம்பாட்டின்போதும் விதிகளை மறுபடி பாருங்கள். லினக்ஸ் கெர்னலுக்குள் ஓடும் ஈபிபிஎஃப் நிரல்களில் முதலில் பின்னோக்கிச் செல்லும் லூப்பே அனுமதி இல்லை. கம்பைலரைக் கொண்டு லூப்பை விரித்து எழுத வேண்டியிருந்தது. அந்த நிரல்களை ஓடுமுன் சோதிக்கும் சரிபார்ப்பான் தேறியபின், லினக்ஸ் 5.3-இல் முடிவுள்ள லூப் அனுமதிக்கப்பட்டது. உறுதி அதேதான்: நிரல் முடிந்தே தீரும். அதைச் சோதிக்கும் திறன் வளர்ந்ததால் விதி இளகியது. 512 பைட் ஸ்டாக் வரம்பு மட்டும் அப்படியே நின்றது.

விதியை நீக்கும்போது அதன் எண்ணைப் புது விதிக்குக் கொடுக்காதீர்கள். பழைய விலக்குப் பதிவுகள் அந்த எண்ணைத்தான் சுட்டிக்கொண்டிருக்கும். நீக்கிய நாளையும், உறுதி இனி எதன் மேல் நிற்கிறது என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள். பிறகு அந்த விதிக்காகக் கொடுத்த மாற்று நூலகத்தை யார் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று தேடி, அதையும் எப்போது ஓய்வுகொடுப்பது என்று முடிவுசெய்யுங்கள்.